பாப்பாவின் கால் அளவு

மத்திகிரி, ஓசூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுசித்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறாள், சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாம்பழக் காலம் வருவதற்குள் இறக்கிக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டிருக்கிறாள், பார்ப்போம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அம்மா கையில் போன் போனால் திரும்பி வருவதில்லை, எனக்கு மிஞ்சுவது சாப்பிட்டாயா, அங்கே மழையா என்ற இரண்டே கேள்விதான். அதுவும் போக, சில விஷயத்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். நாகரசம்பட்டி மாந்தோப்பில் இந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்திருக்கிறதாம், உன் சித்தப்பா போன வாரம் வந்தபோது சொன்னான், பாப்பாவுக்கு எது பிடிக்கும் செந்தூராவா மல்கோவாவா என்று கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையை ஒட்டி இருந்த ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி உட்காரும் டாய்லெட் கட்டுகிறேன். உன் அம்மா உன்னிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாதம் இருபது நாள் இருக்கலாம் என்று வந்தீர்கள். பாப்பாவுக்குக் குத்துக்கால் போட்டு உட்கார வரவில்லை, இரண்டு நாள் அடக்கிக்கொண்டே இருந்து மூன்றாம் நாள் வயிறு உப்பிக் காய்ச்சலும் வந்துவிட்டது. மாப்பிள்ளை பயந்துபோய் உங்களைப் பெங்களூர் ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். கார் ஏறும்போது நான் வாசலில் நின்று, நாங்கல்லாம் மனுசங்க இல்லியா, எங்களுக்குப் போதற கக்கூசு உங்களுக்குப் போதலயா என்று கேட்டேன். நீ கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாய். அதற்குப் பிறகு வரவே இல்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்றுதான் சொல்கிறாய், உன் அம்மா அதை நம்புகிறாள், நான் நம்பவில்லை. அன்றைக்கு நான் பேசியது தப்பு. குழந்தை வலியில் அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு என் வீட்டு மானம் பெரிதாகத் தெரிந்தது. இதை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

வேலை நடக்கிற விதத்தையும் சொல்கிறேன், சிரித்துக்கொள். முப்பத்திரண்டு வருஷம் பைப்பு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் வளைவுப் பெண்டையும் மூன்று வாய் டீயையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அரை மில்லிமீட்டர் கூடினாலும் தூக்கி எறிந்தவன் நான். அந்தக் கையோடு கடைக்குப் போனால் சும்மா வருமா. பாகலூர் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ரப்பர் ரிங்கை இழுத்துப் பார்ப்பது, பைப்பு வாய்க்குள் விரலை விட்டுப் பிசிறு இருக்கிறதா என்று தடவுவது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது, எல்லாம் செய்தேன். மூன்றாவது கடைக்காரர் கன்னடக்காரர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன் சார், பைப்பு வாங்க வந்தீங்களா பொண்ணு பாக்க வந்தீங்களா என்று கேட்டார். கோப்பையில் தரையில் வைக்கிற மாடல்தான் எல்லாரும் எடுக்கிறார்கள் என்றார், நான் செவுத்தில் தொங்குகிற மாடலைத்தான் கேட்டேன். தரையில் வைப்பது கம்பெனி வைத்த உயரத்தில்தான் இருக்கும், செவுத்தில் மாட்டுவதை நமக்கு வேண்டிய உயரத்தில் வைக்கலாம். நாலு அங்குலப் பைப்பு, அடைத்தால் திறந்து குத்திவிடக் கதவு வைத்த பெண்டு, திடுமென்று திரும்பாமல் சாய்வாக இறங்க இரண்டு அரை பெண்டு, நாற்றம் மேலே போக மொட்டை மாடி வரை ஒரு காற்றுப் பைப்பு. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது.

பிளம்பர் பூபதி, பாரூர்க்காரன், நல்ல வேலைக்காரன். செவுத்தை வெட்டி எல்லாவற்றையும் பசை போடாமல் வெறுமனே சொருகி வைத்துவிட்டு, உசரம் சொல்லுங்கண்ணா, பசை போட்டுச் செவுத்த மூடிட்டா அப்புறம் ஒடச்சிதான் எடுக்கணும் என்றான். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, குழந்தை உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், கால் தொங்கினால் முக்க முடியாது, பதினோரு அங்குலம் வை என்று என் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவன் ஒரு ஸ்டூலு போட்டுக்கலாமேண்ணா என்றான், ஈரத் தரையில் ஸ்டூலா என்று ஒரு அதட்டல் போட்டேன். அப்புறம் அவன் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்ளோ குட்டையாவா, பாப்பாவுக்கு என்ன வயசு ஆவுது என்று கேட்டான். அஞ்சு என்றேன். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, அஞ்சா, வர்ற ஆவணி வந்தா ஒம்பது முடியுது, எந்தக் காலத்துல இருக்கீங்க என்றாள்.

சுசி, வாராவாரம் பார்க்கிறேன், முன்பல் விழுந்ததும் தெரியும், புதுப்பல் முளைத்ததும் தெரியும். ஆனால் போனில் முகம் மட்டும்தான் தெரிகிறதம்மா. அதில் அவள் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. என் மனசில் இன்னும் அந்தக் காருக்குள் ஏற முடியாமல் நீ தூக்கி உட்கார வைத்த பாப்பாதான் இருக்கிறாள். அளவு பார்த்தே சோறு தின்றவனுக்குச் சொந்தப் பேத்தியின் உயரம் தெரியவில்லை என்றால் வேறு என்ன தெரிந்து என்ன. பூபதி பைப்பு வாயில் பழைய துண்டைத் திணித்துவிட்டு, அளவு வந்ததும் கூப்புடுங்கண்ணா என்று போய்விட்டான். ஒன்பது நாளாக அப்படியே கிடக்கிறது. தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அதனால் ஒரு காரியம் செய். பாப்பாவை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, செருப்பு இல்லாமல், உள்ளங்காலில் இருந்து முழங்கால் மடிப்பு வரை டேப்பு வைத்து அளந்து அனுப்பு. இது கிடைத்ததும் போன் பண்ணும்போது போனை மேஜை மேல் வைத்துவிட்டு அவளைத் தூரப் போய் முழுசாக நிற்கச் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம், ஒரு நிமிஷம் நின்றால் போதும். நீயும் பக்கத்தில் நில்.

மாப்பிள்ளையிடம் நான் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல், அவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. நீ ராத்திரி வேலையில் பட்டினி கிடக்காதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறாள், நானும் இப்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறேன்.

அளவு அனுப்பும்போது வருகிற மாதத்தையும் சேர்த்து எழுது. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு அங்குலம் கால் நீளுமாம், பூபதி சொன்னான். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று தெரியாமல் பசை போட்டால் மறுபடியும் தப்பான உயரத்தில்தான் வைப்பேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா
திருமலை