புட்டியில் வைத்த கல்

அன்பு மகனுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் சித்தி சுகம், வீடு சுகம், நான் பாதி காய்ந்தும் பாதி நனைந்தும் இருக்கிறேன், அது என்ன என்பது கீழே வருகிறது. போனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் போனைக் காதில் வைத்தால் என் வாய் ஒன்றை ஒன்பதாக்கிவிடும், உனக்கே தெரியும். பேனா பிடித்தால் விரல் வலிக்கும், கூட்டிச் சொல்லத் தெம்பு இருக்காது. எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பிள்ளைகளிடம் காட்டாதே. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் எனக்குச் சிறுநீரகக் கல் எடுத்தார்கள் என்று உனக்குச் சொன்னது பொய். கல்லும் இல்லை மண்ணும் இல்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆம்பளைகளுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறதாம், புராஸ்டேட் என்கிறார்கள், அதில் புற்றுநோய். சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டேன், பதறாதே. இந்தக் கடிதம் என் உடம்பைப் பற்றி இல்லை, உன் உடம்பைப் பற்றி. அங்கே வந்து சேரக் கொஞ்சம் அழுக்கில் நடக்க வேண்டியிருக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை படி.

முப்பத்தைந்து வருஷம் குழாய் வேலை செய்தவன் நான். எந்தத் தெருவில் கழிவுக்குழாய் அடைத்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். தோள்வரை கையை விட்டு, ஒரு ஓட்டல் குழாயிலிருந்து முழுப் போர்வையையே உருவி எடுத்திருக்கிறேன் (துண்டு என்று உன் சித்தி சொல்வாள், காதில் வாங்காதே). கையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டவன். அப்படிப்பட்டவன் தன் உடம்பிலிருந்து வந்த ஒரு கரண்டி ஈரத்தைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு நிற்கிறேன். பரிசோதனை என்று சொல்லிப் பின்பக்கமாக ஒரு கருவியை நுழைத்துப் பன்னிரண்டு இடத்தில் ஊசியால் கிள்ளினார்கள். நான் மூச்சுக்கூட விடவில்லை என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், நிஜத்தில் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா விரலை நசுக்கிவிட்டேன். ஆப்பரேஷன் நாலு மணி நேரம், தெருவுக்குச் சொன்னது ஒன்பது. கண் விழித்தால் என் உறுப்புக்குள் ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஒரு பை, பையில் பீட்ரூட் கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று. அதைத் தொடையில் கட்டிக்கொண்டு நடந்தால் வெதுவெதுவென்று உயிருள்ள பிராணி ஒட்டிக்கொண்டு வருவது போல இருக்கும். அந்தக் குழாயும் பையும் சேருகிற ஜாயிண்ட்டைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை, இந்த லட்சணத்தில் என் வேலையாள் போட்டிருந்தால் அன்றைக்கே விரட்டியிருப்பேன். கை சும்மா இருக்குமா, ஒரு திருகு திருகிச் சரிசெய்தேன். கழன்று படுக்கை, போர்வை, பக்கத்துக் கட்டில்காரர் செருப்பு எல்லாம் நாசம். ஒரு நர்ஸ் பெண் வந்து, இது என்ன உங்க வீட்டுக் குழாயா, கையை எடுங்க தாத்தா என்றாள். ஆப்பரேஷன் வலிக்கவில்லை, தாத்தா வலித்தது. பையை எடுத்த பிறகு இன்னும் கேவலம். இருமினால், சிரித்தால், நாற்காலியை விட்டு எழுந்தால் ஒழுகும். குழந்தைக்குப் போடுகிற மாதிரி பேட் வைத்துக்கொண்டு, எங்கே உட்கார்ந்தாலும் கீழே ஒரு செய்தித்தாள் விரித்துக்கொண்டு, என் வாடை எனக்கே வந்துகொண்டிருக்கும். உன் சித்தி அந்தப் பேட்டைக் காய்கறித் தோல் மாதிரி சுருட்டி எடுத்துப் போட்டுவிட்டு வந்து, இன்னைக்குக் கொஞ்சம் குறைச்சல் என்பாள். அவள் முகம் சுளித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்த அசிங்கத்தை வெளியே எப்படிச் சொல்வது. அதனால்தான் கல். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கல்லைப் பொறுக்கி, மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, வீட்டில் முன் அலமாரியில் வைத்தேன். தெருவே வந்து பார்த்தது. எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, உடைத்து எடுத்தது போக இது மிச்சம் என்றேன். பக்கத்துக் கடைத் தையல்காரரும் வந்தார். உனக்குத் தெரியுமே, உன் கல்யாணச் சட்டையைத் தைத்தவர். தொடையில் கட்டின அந்தப் பை வெளியே தெரியாமல் இருக்கக் கால்சட்டைக்குள் ஒரு ஜேபி வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான், எதற்கு என்று கேட்கவில்லை. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு வருஷமா இப்படித்தான் அண்ணே, அரை மணிக்கு ஒருதரம் ஓடுறேன், போனா நூல் மாதிரி வருது, இதுவும் கல்லுதான் போல என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா, கல்லைக் கரைக்கிற ஒரு மருந்து இருக்கிறது, நான் சொல்லி ஐம்பது பேர் குடித்துக் குணமாகியிருக்கிறார்கள், முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் கத்திக்கே போயிருக்க மாட்டேன் என்றது. ஐம்பது பேரும் கிடையாது, ஒருத்தரும் கிடையாது. அந்த மனுஷன் இரண்டு மாதம் அதைக் குடித்தார், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், பாதி நேரம் தையல் மிஷின் சும்மா கிடந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், உங்க புண்ணியம் அண்ணே, கொஞ்சம் கரையுற மாதிரி இருக்கு என்பார். என் பேட்டைவிட அந்த நன்றிதான் எனக்குக் குமட்டியது, ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் கடைக்குப் பின்னால் கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டார். உள்ளே போனால் பீங்கானில் ரத்தம், நேற்றுக் காய்ந்ததும் இன்றைக்கு விழுந்ததும். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக வேலை செய்கிற இடத்தில் வாந்தி எடுத்தேன். அந்த நாற்றத்துக்கு இல்லை, எனக்கே என்னைப் பார்த்து. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பையில் மாற்றுக்கு வைத்திருந்த பேட்டை எடுத்து அவர் துணி வெட்டுகிற மேஜையில் வைத்தேன். எனக்கு வந்தது கல் இல்லை, புற்றுநோய், இப்போது இது இல்லாமல் தெருவில் இறங்க முடியாது, உங்களுக்கும் அதுவாக இருக்கலாம், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தக் கல்லு?"

"வண்டி நிறுத்துற இடத்துல பொறுக்கினது."

"யோவ், இந்தத் துணியைப் பார்த்து எனக்கு அருவருப்பு வரலை. உன் வாயைப் பார்த்தாதான் வருது."

அதுவரைக்கும் என்னை அண்ணே என்று கூப்பிட்டவர். அன்றைக்கே அவர் மகள் அழைத்துக்கொண்டு போனாள். அதேதான் என்று வந்தது. பதினைந்து நாளில் ஆப்பரேஷன் முடிந்தது, ஆனால் அது சுரப்பியின் ஓரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கிறதாம், இனிமேல் கரண்ட் வைக்கிற கதிர்வீச்சு வைத்தியமும் வேண்டுமாம். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு டாக்டர், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். தையல்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. நான் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன், செய்தித்தாளை விரித்துக்கொண்டு.

இப்போது உன் விஷயம். உன் அப்பா, என் அண்ணன், வயிற்றுப்புண் முற்றிப் போய்ச் செத்தார் என்று உனக்குச் சொன்னவன் நான். அதுவும் பொய். அவருக்கும் இதேதான், முதுகெலும்புவரை போன பிறகுதான் வாயைத் திறந்தார், பையனுக்குத் தெரிய வேண்டாம், அசிங்கம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நானும் காரம் தின்று தின்று குடல் வெந்துபோனதாக உனக்கு அவ்வளவு ஜோராகக் கதை கட்டினேன். இருபது வருஷமாக நீ மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறாய். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், என் கதை எவ்வளவு பலம் என்று. என் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோதுகூட இல்லை என்றேன். தையல்காரர் விஷயம் ஆன பிறகுதான் போய்ச் சொன்னேன். அப்பாவுக்கும் இருந்து சித்தப்பாவுக்கும் இருந்தால் மகன் காத்திருக்கக் கூடாது, நாற்பது தாண்டினதும் ரத்தம் பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்றார். உனக்கு நாற்பத்து நாலு.

அதனால் இந்த வாரமே போய் ரத்தம் கொடு, புராஸ்டேட்டுக்குப் பார்க்க வேண்டும் என்று சொல், டாக்டரிடம் அப்பாவையும் என்னையும் மறைக்காதே. பார்த்துவிட்டேன் நன்றாக இருக்கிறது என்று போனில் வாயால் சொல்லாதே, நீ என் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை, நம்ப மாட்டேன், ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. இந்தக் கடிதத்தோடு அந்தக் கல்லையும் வைத்திருக்கிறேன், கழுவித்தான் வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் வரும்வரை அதை உன் சாப்பாட்டு மேஜையில் வை, வந்ததும் தூக்கி எறி. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி, நீ நூறு வயசு காரமாகச் சாப்பிட்டு நன்றாக இரு. தபால்காரர் உறையைத் தடவிப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்பார், பொத்தான் என்று சொல்லப் போகிறேன், அதோடு சரி.

இப்படிக்கு,
ஒன்றை ஒன்றாகவே எழுதியிருக்கும்
உன் சித்தப்பா