நீ எழுதிக் கொடுத்த நாலு வார்த்தை

குருவிநத்தம்,
புதன்கிழமை.

என் லில்லிக்கு, மகாலட்சுமி எழுதுவது.

காரைக்காலில் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா? தொண்டைக்கட்டு சரியானதா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு மட்டும் விழுகிறது. நீ இங்கே வந்துவிட்டுப் போன பன்னிரண்டு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் தபால்.

எங்கள் ஆற்றோர வீட்டில் காசு கொடுத்துத் தங்க ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நீ எழுதிக் கொடுத்த வார்ம், கோஸி, வெல்கமிங், ஹாஸ்பிடபிள் நாலையும் இவர் இன்டர்நெட்டில் அப்படியே போட்டார். நான் ‘ஹோம்லி’ என்று எழுதியதை, “அது வேணாம்டி, வெளிநாட்டுக்காரன் சுமாரான வூடுன்னு நெனச்சுக்குவான்” என்று சிரித்து அடித்தாயே! கடைசி வார்த்தை ஹாஸ்பிடபிள் என் வாயில் நுழையவில்லை. யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிற வீடு என்று அர்த்தம் சொன்னாய்.

சொல்லி அரைமணி ஆகவில்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்த உனக்குப் பேப்பர் கப்பில் காபி வந்தது. அலமாரியில் புது எவர்சில்வர் டம்ளர் வரிசையாக இருந்தது. என் மாமியார் கண்ணைக் காட்டினார்கள் என்று பழியை அவர்கள்மேல் போட்டு ரெண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஊற்றியது நான்தான். நீ குடித்துவிட்டு, கப்பை நசுக்கி உன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாய். பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒரே டிபன் பாக்ஸில் தின்ற கழுதைகள்டி நாம்! எனக்கு எப்படிக் கை வந்தது?

போன சனிக்கிழமை ஒரு பிரெஞ்சு ஜோடி தங்கினார்கள். மாமியாரே எவர்சில்வர் தட்டில் பரிமாறினார்கள். போகும்போது, தங்கியவர்கள் எழுத வைத்திருக்கும் நோட்டில் அவர்களும் ஹாஸ்பிடபிள் என்றே எழுதினார்கள். இவர் உரக்கப் படித்துக் காட்டினார். இனி லில்லி வந்தால் நம்மோடுதான் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை செலியமேட்டில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷமும் வாசலோடு திரும்பியவள்தானே நான். “வாம்மா மகா, வெளிய இன்னாத்துக்கு நிக்கற” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்கள். உன் தட்டிலேயே சோறு போட்டு, நெத்திலிக் குழம்பு ஊற்றினார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள், “லில்லி சொல்லிச்சு, உங்க வூட்ல தலைவாழை இலை போட்டு அப்படிக் கவனிச்சீங்களாமே” என்றார்கள்.

ஏன்டி அப்படிச் சொன்னாய்? மன்னிப்புக் கேட்காமலே தட்டைக் காலி செய்துவிட்டு வந்தேன்.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும். என்னைக் காப்பாற்ற மட்டும் இனி யாரிடமும் பொய் சொல்லாதே. வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு வரியாவது எழுது.

உன்
மகா