மில் இன்ஜினும் ஊசி டாக்டரும்

19.8.82, வியாழன்

காலையில் தூறல். குடை ரிப்பேர்காரர் கடை திறக்கவில்லை. கிழிந்த குடையோடு பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ். நான், அக்கா, என் மகள் செல்வி, அவள் குழந்தை. பாப்பாவுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வைக்க வேண்டியவள் வாய் திறக்கவில்லை.

பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தவள். பிள்ளை பிறந்தது முதல் இப்படித்தான். பால் கொடுப்பாள், முகம் சுவர்ப் பக்கம். கொடுத்ததும் பாப்பாவை அக்கா மடிக்குத் தள்ளிவிடுவாள். சோறு வைத்தால் தின்பாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படபடப்பு, வேர்வை. டானிக் வாங்கிக் கொடுத்தேன். அக்கா மந்திரித்த கயிறு கட்டினாள். டானிக் தீர்ந்தது, கயிறு நைந்தது, இவள் அப்படியே.

தா.பழூர் சம்பந்தியம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருகிறார்களாம். பெண் தேறியிருந்தால் இரண்டு பேரையும் அழைத்துப் போவார்கள். இல்லாவிட்டால் பாப்பாவை மட்டும். "பெத்தவளே ஏறிட்டுப் பாக்கலன்னா பச்சப்புள்ளய யாரு பாக்குறது?" கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஊசி டாக்டர் அருளப்பன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வரதராஜன்பேட்டைக்காரர்தான், கொழும்பில் பல வருஷம் இருந்து அக்குபங்சர் படித்துத் திரும்பியவர். பேச்சில் சிலோன் வாடை. எது கேட்டாலும் "ஓம்" என்கிறார். அக்கா கை கூப்பிவிட்டாள்.

"மந்திரம் சொல்றாருடா."

"அந்த ஊருல ஆமாங்கிறதே அப்படித்தான்க்கா. கையை இறக்கு."

ஊசி என்றால் மருந்து ஏற்றுவது என்று நினைத்திருந்தேன். இது தலைமயிர் போல மெல்லிசு. மணிக்கட்டில், புருவ நடுவில், பாதத்தில். குத்திவிட்டு ஒரு வெண்கலக் கும்பாவை அவள் நெஞ்சுக்குக் கீழே வைத்தார். துணி சுற்றிய கட்டையால் மெதுவாக ஒரு தட்டு. ஓசை முழுசாக அடங்கியபின் மறுபடி ஒரு தட்டு.

"சத்தம் காதால மட்டும் போறதில்லை. எலும்பு வழியாவும் போகும். ஊசி கதவைத் திறக்கும், சத்தம் உள்ளுக்குப் போகும். விளங்குதா?"

"விளங்குதுங்க" என்றேன். விளங்கவில்லை.

வந்ததுதான் வந்தோம் என்று என் முட்டி வலியையும் சொல்லிவைத்தேன். ஊசியைக் கையில் எடுத்ததும் வலி போய்விட்டது என்றேன். விடவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பெஞ்சு அம்மாள் முந்தானையால் விசிறினார்.

அக்கா: "புள்ளயக் காட்ட வந்தியா, நீ படுக்க வந்தியா?"

செல்வி இதையெல்லாம் பார்த்தாள். சிரிக்கவில்லை. முன்னெல்லாம் நான் படியில் தடுக்கினாலே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கும்பா ஓசைக்கு அவள் அசையவே இல்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "சின்ன வயசில பயமில்லாம இருந்தப்போ கேட்ட சத்தம் எல்லாருக்கும் ஒண்டு இருக்கும். அவவைக் கேளாதீங்கோ, சொல்லமாட்டா. நீங்க தேடிப் பிடிச்சுக் கொண்டு வாங்கோ." டேப் ரெக்கார்டரில் பிடித்து வரலாமாம். ஒருத்தர் தன் வீட்டு மாட்டு மணியைக் கொண்டுவந்தாராம். இன்னொருத்தர் கிணற்று உருளை.

அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

20.8.82, வெள்ளி

வெயில். எதிர்வீட்டு சலீம் பாயிடம் டேப் ரெக்கார்டர் இரவல். சிங்கப்பூர் சாமான். "பாத்துங்க மாணிக்கம், மச்சான் கொடுத்தது" என்று மூன்று தரம் சொன்னார். மைக்கை வாயில் வைத்து "அலோ அலோ" என்றேன். திரும்பப் போட்டால் யாரோ சளி பிடித்த கிழவன். நான்தான்.

பிடித்தவை:
கோயில் மணி (நடுவே பூசாரி தும்மல்).
ஆட்டுக்கல்.
பள்ளிக்கூட மணி. வாட்ச்மேன் விரட்டியதும் சேர்ந்து பதிவு.
ஐஸ்காரன் பெட்டி தட்டுவது.

சாயங்காலம் செல்வி பக்கத்தில் வைத்துப் போட்டேன். சுவரையே பார்த்தாள். பாப்பா மட்டும் பூசாரி தும்மலுக்குத் திரும்பிப் பார்த்தது.

22.8.82, ஞாயிறு

முகம் மழிக்கும்போது நினைவுக்கு வந்தது. பாதி முகம் சோப்போடு வெளியே ஓடிவந்து, "அக்கா! மில்லு!" என்றேன். அக்கா, "லீவுதானடா இன்னக்கி?" என்றாள்.

செல்வியின் அம்மா காமாலையில் போனபோது இவளுக்கு நடை வரவில்லை. அக்கா அப்போது புருஷன் வீட்டில் இருந்தாள். எனக்கு ரைஸ்மில்லில் இன்ஜின் பார்க்கும் வேலை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் சேரும் வரை அவள் வளர்ந்ததே அங்கேதான். தவிட்டு மூட்டைகளுக்குப் பக்கத்து உத்தரத்தில் பழைய சேலையில் தூளி. ஆயில் இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கண் சொருகும். புகைக் குழாய் வாயில் தகர டப்பா கவிழ்த்திருக்கும், குக் குக் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கும். மில் ஓடுது என்று அதைக் கேட்டுத்தான் நெல் மூட்டையைத் தூக்குவார்கள். இன்ஜினை நிறுத்தினேனோ, தூளியில் அழுகை. அரைக்க நெல் இல்லாவிட்டாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓட்டியிருக்கிறேன். முதலாளி டீசல் டப்பாவை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார். நானும் கூடவே ஆச்சரியப்படுவேன்.

நெல் கொண்டுவரும் பொம்பளைகளுக்குத் தூளியைக் கண்டால் கை நிற்காது. "தூக்காதீங்க, இன்ஜின் ஓடுது!" என்று கத்துவேன். மில்லில் சட்டமே அதுதான். ஓடும்போது பெல்ட்டிலும் கை வைக்கக்கூடாது, தூளியிலும் கை வைக்கக்கூடாது.

தூளிக்காரிக்குத் தலையெல்லாம் தவிடு, கண்ணுக்கு மட்டும் இடம் விட்டு. அந்த முகம் இப்போதும் அப்படியே தெரிகிறது. மெலிந்துதான் இருந்தேன் அப்போது. நம்ப ஆள் இல்லை.

இப்போது மில்லில் கரண்ட் மோட்டார். ஈ மாதிரி ரீங்காரம். பழைய இன்ஜினை ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புக்காரர் வாங்கிப் போனார்.

24.8.82, செவ்வாய்

ஆண்டிமடம். பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபின் நடை. டேப் ரெக்கார்டரை மடியில் வைத்து வந்தேன், பக்கத்தில் இருந்தவர் பாட்டுப் போடச் சொல்லி உயிரை எடுத்தார். பூசாரி தும்மலைப் போட்டேன். அப்புறம் கேட்கவில்லை.

இன்ஜின் தோப்புக் கிணற்று மேட்டில் நிற்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஹேண்டிலில் நான் கட்டிய சாக்குத் துணி இல்லை. ஆனால் பக்கத் தகட்டில் நெளிவு அதே நெளிவு, நான் சம்மட்டியைக் கீழே போட்ட இடம். கையை வைத்துப் பார்த்தேன். தோப்புக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

"சத்தத்த மட்டுமா புடிக்கப் போறீங்க? தண்ணிகூட வேணாமா?"

"சத்தம் போதுங்க."

"அதுக்கா பெரம்பலூர்லேருந்து வந்தீங்க?"

நல்ல மனுஷர். ஒரு பழைய டப்பாவைத் தேடி எடுத்து, ஏறி, குழாயில் கவிழ்த்தும் விட்டார். குக் குக் குக் குக். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. டீசல் புகை என்று சொல்லிக்கொண்டேன். டேப் ஒரு பக்கம் முழுக்கப் பிடித்தேன். முந்திரி ஒரு பை கொடுத்தனுப்பினார்.

26.8.82, வியாழன்

அரியலூர். நல்ல வெயில். சிமெண்டு லாரிக்குப் பின்னாலேயே பஸ், எல்லோரும் வெள்ளைத் தலை.

டாக்டர் ஊசி போட்டார். டேப் ரெக்கார்டரைச் செல்வி படுத்திருந்த பலகை மேலேயே வைத்தார், அதிர்வு முதுகில் ஏறட்டும் என்று. போட்டார். குக் குக் குக் குக். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் இல்லை. டேப் பாதி ஓடியாயிற்று. அக்கா பெருமூச்சு விட்டாள். "இதுக்கா அம்புட்டுத் தூரம் போனே?"

அப்போதுதான்.

"இது நம்ம இன்ஜின் இல்ல."

யார் பேசியது என்று ஒரு கணம் தெரியவில்லை. இவள் குரலே மறந்துபோயிருந்தது எனக்கு.

"நம்மதுதான்டா. நெளிவு தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இல்லப்பா."

"நான் ஓட்டுன வண்டி எனக்குத் தெரியாதா?"

"தெரியல உங்களுக்கு. நம்மது மூணு அடிச்சி ஒண்ணு வுடும்."

கோபம்! என் மேல் கோபம். புருவ நடுவில் ஊசி ஆட ஆட முறைக்கிறாள். இவ்வளவு அழகான முறைப்பு நான் பார்த்ததில்லை.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் வந்தது. அந்த இன்ஜின் மூன்று அடித்து ஒரு அடி விழுங்கும். மெக்கானிக் ஒருநாள் சரி செய்துவிட்டுப் போனான், அன்றைக்குப் பூரா தூளியில் அழுகை. மறுநாள் அவன் கையைக் காலைப் பிடித்துப் பழையபடி கெடுத்துத் தரச் சொன்னேன். என் தொழிலிலேயே நான் கேட்டு வாங்கிய ரிப்பேர் அது ஒன்றுதான். தோப்புக்காரர் வாங்கியதும் ஒழுங்காக வேலை பார்த்திருப்பார் போல. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

டாக்டர் டேப்பை நிறுத்தினார். "ஐயா, நீங்க செய்து காட்டுங்கோ."

"எதைங்க?"

"இன்ஜினை."

வெளிப் பெஞ்சு நிறைய ஆள். கதவுக்குப் பதில் துணிதான். வெட்கத்தை விட்டு ஆரம்பித்தேன். குக் குக் குக்... குக் குக் குக்... தொந்தி வேறு கூடவே குலுங்கியது. வெளியே ஒரு குரல்: "உள்ள என்ன, கோழிக்கு வைத்தியமா?"

"அவ்வளவு வேகமில்லப்பா. நடுவுல மூச்சு விடணும்" என்றாள் செல்வி. டாக்டர் கட்டையை அவள் கையிலேயே கொடுத்தார். கும்பாவில் தட்டிக் காட்டினாள். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கப் போன அக்காவை டாக்டர் தடுத்தார்.

ஊசி எடுக்கும்போது டாக்டர்: "ஒரு நாளில சரியாகாது. ஏறும், இறங்கும். வந்துகொண்டே இருக்கணும்."

"ஓம்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

27.8.82, வெள்ளி

மேகமூட்டம். செல்வி எழவில்லை. பேச்சு இல்லை. மறுபடி சுவர். குக் குக் என்று பார்த்தேன், "சும்மா இருங்கப்பா" என்றாள். அது ஒன்றுதான் பேச்சு. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

சலீம் பாய் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். துடைத்துப் பார்த்தார். முந்திரியில் பாதி அவருக்கு.

28.8.82, சனி

நாளை வருகிறார்கள். அக்கா முறுக்கு சுட்டாள், ஆனால் பாப்பாவின் துணிகளையும் மடித்துத் தனியே வைத்துவிட்டாள். போனால் கொடுத்தனுப்ப. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அவளும் நான் பார்க்காத மாதிரி இருந்தாள்.

செல்வி துணிமணியைப் பார்த்தாள்.

29.8.82, ஞாயிறு

மழை வருமா வராதா என்று நின்றது. சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, ஒரு சீப்பு வாழைப்பழம். செல்வி உள்ளறையில். பாப்பா வீறிட்டு அழுதது, அக்கா கையில் நிற்கவில்லை.

"பாத்தீங்களா மாமா" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. தப்பாகச் சொல்லவில்லை. அவர் முகமும் இளைத்துத்தான் இருந்தது.

சம்பந்தியம்மாள் எழுந்தார். அதற்குள் செல்வி வந்து அக்கா கையிலிருந்து பாப்பாவை வாங்கினாள். கேட்காமல், யாரையும் பார்க்காமல். தோளில் போட்டு முதுகில் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

"என்னடி இது, வுட்டு வுட்டுத் தட்டுறே? குடு இங்க" என்று சம்பந்தியம்மாள் கை நீட்டினார்.

செல்வி ஓர் அடி பின்னே போனாள்.

"இப்ப தூக்காதீங்க அத்தை. இன்ஜின் ஓடுது."

அவருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். காபிக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். கடையில் எதற்கு வந்தேன் என்று மறந்துபோய் நின்றேன்.