ஆதியோடந்தம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட்டது. எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் புரோகிராம்களை, வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய வரலாற்றோடு ஆதியோடந்தமாகக் கேட்டால் அது என்ன செய்யும்? "போன தடவைக்கு அப்புறம் மாறினத மட்டும் கொடுப்போம்" என்றேன். அப்படியே செய்தோம், எழுந்துவிட்டது.

நீயும் போனில் எனக்கு அதைத்தான் செய்கிறாய். "புதுசா ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிடுகிறாய். ஆனால் நீ பல் பிடுங்கிக்கொண்ட கதை அண்ணிக்கு ஆதியோடந்தமாகத் தெரிகிறது. நேற்று அவள் சொல்லித்தான் நான் கேட்டேன். வயிறு எரிந்தது. இரண்டாம் தடவை சொன்னால் படுத்துவிட நீ என்ன சர்வரா?

என் பழைய போர்வையை அனுப்பு, அண்ணிக்குக் கொடுத்துவிடாதே. பல் கதையை முதலிலிருந்து எழுது, அவளுக்குச் சொல்லாததையும் சேர்த்து. பஸ் வந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்தவள்