படியில் விழுந்தவளுக்கு எந்தச் சத்து குறைவு?

மதிப்பும் மரியாதையும் உள்ள டாக்டர் மாப்பிள்ளைக்குக் கறிக்கடைப் பாட்டி எழுதுவது. நான் சுகம். உங்கள் மனைவி, என் பேத்தி, சுகமாகிக்கொண்டு வருகிறாள். உங்கள் கை எப்படி இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. இடது கையால் எழுதினீர்கள் போலிருக்கிறது, என் எழுத்தைவிடக் கோணலாக இருந்தது. நான் ஐந்தாவது முடித்தவள். ஆறாவதில் சேர்க்க அப்பா கூட்டிப்போன அன்று, கடையில் ஆள் வரவில்லை என்று பாதி வழியில் செய்தி வந்தது. அப்படியே திரும்பி வந்து கத்தியைப் பிடித்தேன், இன்னும் கீழே வைக்கவில்லை. ஆனாலும் இதை வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், படித்தவர் நீங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் கை விஷயத்தை மறந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அனுப்பாவிட்டால் கொலை முயற்சி என்று எழுதிக்கொடுத்து என்னை உள்ளே தள்ளுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சத்துக் குறைவால் அவளுக்கு மூளை குழம்பியிருக்கிறது, அவள் பேச்சை நம்பாதீர்கள் என்று கீழே ஒரு வரி வேறு. அவள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள் மாப்பிள்ளை. படித்து முடித்ததும் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். என்னடி பண்றே என்று கேட்டேன். நான் போய்டறேன் பாட்டி, இந்த வயசுல நீ ஜெயில்ல போய் உக்காரணுமா என்றாள். அடி வாங்கப் போகிறவள் மாதிரி சொல்லவில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது மாதிரி சொன்னாள்.

உங்களைப் பற்றி நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை இந்தக் கட்டையில் கறி வெட்டித்தான் படிக்க வைத்தேன். அவளைக் கட்டிக்கொள்ள ஒரு டாக்டரே வந்தார், அதுவும் வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிற டாக்டர். இந்தத் தெருவில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பதில்களை வெட்டி, தராசுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பசை போட்டு ஒட்டினேன். ரத்தசோகைக்காரர்கள் ஈரல் சாப்பிடலாம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது என்று எழுதினீர்கள். அன்று ஈரல் காலையிலேயே தீர்ந்துபோனது. எலும்பு சூப்பில் ஊரார் நினைக்கிற அளவுக்குக் கால்சியம் கிடையாது, பால் குடியுங்கள் என்று இன்னொரு வாரம் எழுதினீர்கள். என் ஆட்டுக்கால் வியாபாரமே படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து, உன் மாப்பிள்ளை உன் வயித்துலயே அடிக்கிறாரே என்று சிரித்தாள். அந்தப் பதிலையும் ஒட்டினேன். பொய் சொல்லாத மனுஷர் என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் போன் செய்தீர்கள். அவளுக்கு ரத்தம் குறைவு, மயக்கம் வந்து படியில் விழுந்துவிட்டாள், கொஞ்ச நாள் உங்களிடம் இருந்து தேறட்டும் என்றீர்கள். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள், அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துணி, முழங்கையைத் தாண்டிய ரவிக்கை. நல்ல ஈரலாகப் பார்த்து எடுத்து வைத்து வதக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கமாகவே மென்றாள். மேல் தட்டிலிருந்து டம்ளரை எடுக்க இடது கையைத்தான் தூக்கினாள், வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. படி பலமாத்தான் அடிச்சிருக்கு என்று சொன்னேன். ஆமாம் பாட்டி என்றாள்.

மறுநாள் வெந்நீர் வைத்து முதுகு தேய்த்துவிடப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்றாள். குழந்தையிலிருந்து நான் தேய்த்த முதுகுதானே என்று துணியை விலக்கினேன்.

மாப்பிள்ளை, லாரியில் ஆடு வரும்போது ஓட்டுகிறவன் கம்பால் அடிப்பான், கதவில் மோதும், ஒன்றை ஒன்று முட்டும். தோலை உரித்தால் அடிபட்ட இடம் தெரிந்துவிடும். புது அடி சிவந்திருக்கும், நாளானால் கறுக்கும், இன்னும் போனால் பச்சை, கடைசியில் பழுத்த இலை மாதிரி மஞ்சள். அந்தக் கறியை யாரும் வாங்க மாட்டார்கள், வெட்டி நாய்க்குப் போடுவோம். படியில் உருண்டு விழுந்தவளுக்கு எத்தனை இடத்தில் பட்டாலும் எல்லாம் ஒரே நாளில் பட்டதாகத்தானே இருக்கும். என் பேத்தியின் முதுகில் எல்லா நிறமும் இருந்தது. சிவப்பும் இருந்தது, மஞ்சளும் இருந்தது. விலா எலும்பின் மேல் செருப்பின் குதிகால் பதிந்திருந்தது. மேல் கையில் வரிசையாக நான்கு விரல், உள்பக்கம் கட்டைவிரல். படிக்கு விரல் இருக்குமா?

அவளையே கேட்டேன். ரத்தம் கம்மியா இருந்தா இப்படித்தான் கன்னிப்போகும்னு அவர் சொன்னார் என்றாள். நீங்கள் போனில் சொன்ன அதே ரத்தக் குறைவு. மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. கன்னிப்போகிற நோயும் உண்டு என்று நீங்களே ஒரு முறை எழுதியிருக்கிறீர்கள். தப்பாக நினைத்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று பயந்தேன். யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்த டாக்டர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் உங்களிடமே கேட்டேன். தையல்காரியைத் தன் பேரில் பத்திரிகைக்கு எழுதச் சொன்னேன், அவள் எழுத்து உங்களுக்குத் தெரியாது. என் மருமகளின் முதுகில் பல நிறத்தில் தழும்பு, மேல் கையில் விரல் விரலாக நீலம். ரத்தக் குறைவு, படியில் விழுந்தாள் என்று என் மகன் சொல்கிறான். எந்தச் சத்து குறைந்தால் இப்படி வரும், என்ன சாப்பிடக் கொடுக்கலாம். இதுதான் கேள்வி. பேத்தியை மருமகள் ஆக்கியது தவிர ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பதில் வருவதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. கை நிறையப் பழத்தோடு இறங்கினீர்கள். சுவரில் இருக்கிற டாக்டர் நேரில் வந்துவிட்டார் என்று எல்லோரும் உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சர்க்கரை இருக்கிறவங்க தலைக்கறி திங்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கொழுப்பு ஜாஸ்தி, அளவா சாப்பிடுங்கம்மா என்றீர்கள். ரிட்டையரான கண்டக்டர், மூளை சாப்பிட்டா மூளை வளருமா சார் என்று கேட்டார். இருக்கிற மூளையைப் பத்திரமா வச்சுக்கிட்டாலே போதும் ஐயா என்றீர்கள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அவளைப் பார்த்துட்டு வரேன் பாட்டி என்று உள்ளே போனீர்கள்.

கட்டையில் எலும்பு உடைகிற சத்தம் எனக்கு அத்துப்படி. அன்று கேட்ட சத்தம் என் கட்டையிலிருந்து வரவில்லை.

கையில் இருந்த கத்தியோடு உள்ளே வந்தேன். அவள் தலைமுடியை வலது கையில் சுற்றிப் பிடித்திருந்தீர்கள். ஐஸ் பெட்டியின் விளிம்பில் அவள் முகம். என் கண்ணுக்கு முன்னால் இன்னொரு முறை மோதினீர்கள். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, பல் ஒன்று தரையில் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. அவள் கத்தவில்லை. கத்தாமல் இருக்கப் பழக்கியிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள், கடையில் சிரித்த அதே சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. கால்சியம் கம்மி பாட்டி, இந்தப் பல் ரொம்ப நாளா ஆடிக்கிட்டு இருந்தது என்றீர்கள். முடியை விடவில்லை.

நான் கத்தியைத் திருப்பினேன். திருப்பினேன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. முதுகுப் பக்கத்தால்தான் மணிக்கட்டில் போட்டேன். மூட்டு எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டியதில்லை. கூர்ப்பக்கம் இறங்கியிருந்தால் அந்தக் கை இன்று என் கொக்கியில் தொங்கும். நீங்கள் அலறிய அலறலில் கடையில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள். நல்லதாகப் போயிற்று, அவள் வாயையும் தரையில் கிடந்த பல்லையும் பார்த்தார்கள். கண்டக்டர் உங்கள் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். பழப்பையை உங்கள் பின்னாலேயே வீசியது நான்.

அந்தத் தரையை நான் தினமும் கழுவுகிறவள். எவ்வளவோ ரத்தம் போயிருக்கிறது, முகம் சுளித்ததில்லை. அன்று தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை. தையல்காரி வந்துதான் கழுவினாள். பல்லை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பக்கத்துக் கிளினிக்கில் உதட்டுக்குத் தையல் போட்டபோதும் படியில் விழுந்தேன் என்றுதான் அவள் சொன்னாள்.

இதற்குப் பிறகும் உங்கள் கடிதத்தைப் பார்த்து அவள் துணி மடித்தாள் என்றால் பாருங்கள். நான் கெஞ்சினேன், திட்டினேன், பையைப் பிடுங்கினேன். நான் ஜெயிலுக்குப் போனா அங்கேயும் சோறு போடுவாங்கடி என்றேன். அவர் பெரிய டாக்டர் பாட்டி, அவர் சொன்னா எல்லாரும் நம்புவாங்க, நம்மை யார் நம்புவா என்றாள். அவள் சொன்னது நியாயம். நானே நம்பினவள்தானே.

அவள் பையை மூடிக்கொண்டிருக்கும்போது தையல்காரி பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உங்கள் பதில் வந்திருந்தது.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுவதற்கு மன்னிக்கவும். அம்மா, எந்தச் சத்துக் குறைவிலும் விரல் அடையாளம் வராது, அது ஒரு கை அழுத்திப் பிடித்த அடையாளம். பல நிறத்தில் தழும்பு இருந்தால் பல நாள் அடி விழுந்திருக்கிறது என்று பொருள். உங்கள் மகன் பொய் சொல்கிறார். உணவைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் மருமகளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காயங்களைப் பதிவு செய்யுங்கள், அங்கிருந்து நேரே காவல் நிலையம் போங்கள். பெற்ற மகன் என்று பார்க்காதீர்கள், அவளை அவனோடு தனியாக விடாதீர்கள், அடுத்த அடி உயிரையே எடுக்கலாம்.

அதே பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி ஒரு செய்தி. டாக்டர் படியில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருப்பதால் அடுத்த சில வாரம் பதில்கள் வராதாம்.

நான் உரக்கப் படித்தேன், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். உங்கள் மகன் பொய் சொல்கிறார் என்ற இடத்தில் அவள் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தானே படித்தாள். கீழே உங்கள் படத்தைப் பார்த்தாள். கட்டம் கட்டின செய்தியைப் படித்ததும் வாயில் தையலோடு சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தையல் பிரிந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டே அழுதாள். அப்புறம் பையைத் திறந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். டாக்டர் சொல்லிட்டார், போலாம் வா பாட்டி என்றாள்.

நீங்கள் சொன்னதை அப்படியே செய்தோம் மாப்பிள்ளை. அரசு மருத்துவமனையில் ஒரு சின்ன டாக்டரம்மா படம் பிடித்தாள், அளந்தாள், விலாவில் பழைய முறிவு ஒன்று தானாகக் கூடியிருக்கிறது என்றாள். யார் அடிச்சது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பேத்தி சொன்னாள். என் வீட்டுக்காரர், அவரும் டாக்டர்தான். குரல் நடுங்கவில்லை. நான் அவளைப் பெற்றவளைப் பெற்றவள், அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்தத் தெருவில் இன்னொரு முறை தலைநிமிர்ந்து நடப்பேன்.

காவல் நிலையத்தில் உங்கள் பதிலையும் பல்லையும் கொடுத்தோம். நான் அடித்ததையும் நானே சொன்னேன், கத்தியையும் கொடுத்தேன். கடையில் வேறு கத்தி இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் தாராளமாக எழுதிக்கொடுங்கள். நான் போகத் தயாராக மாற்றுப்புடவை எடுத்து வைத்துவிட்டேன். நான் உள்ளே இருந்தாலும் தையல்காரியும் கண்டக்டரும் அவளைத் தனியாக விட மாட்டார்கள்.

சுவரில் இருந்த உங்கள் பதில்களை நனைத்து உரித்து எடுத்துவிட்டேன். ஈரல் பதில் மட்டும் வரவில்லை, பசை பலமாகப் பிடித்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் இந்த வாரத்துப் பதிலை ஒட்டியிருக்கிறேன். கறி வாங்க வருகிற பெண்கள் நின்று படிக்கிறார்கள். நேற்று ஒருத்தி திரும்பவும் படித்துவிட்டு, கறி வாங்காமலே ரவிக்கைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு போனாள். அவள் மறுபடி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடைந்த எலும்பு கூடுவதற்குப் பால் நல்லது, நீங்கள் எழுதியதுதான். வெயிலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு படிதான், அதில் கால் வைக்க நினைத்தால் நான் கட்டைக்கு முன்னால்தான் நிற்கிறேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கை சீக்கிரம் கூடட்டும். பேனா பிடிக்கிற அளவுக்கு மட்டும் கூடட்டும். அதற்கு மேல் ஒரு பலமும் அந்தக் கைக்கு வர வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உங்கள் வாசகி,
கறிக்கடைப் பாட்டி