செருப்பைக் கழற்றியவர்களின் கணக்கு

மாட்சிமை தங்கிய வாத்தியாரே,

போன வாரம் உன் வீட்டம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். "அவுக தவறி ரெண்டு வருசமாச்சுண்ணே. இத நீங்களே வச்சுக்கங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிரித்தேன். ஒரு பழைய நோட்டு, ஒரு கட்டுத் தபால் அட்டைகள். அத்தனையிலும் நெத்திலிக் கருவாட்டு வாடை. இருபது வருடமாகியும் போகாத வாடை! புதுக்கோட்டைப் பூனைகள் எல்லாம் என் வாசலில் மாவட்ட மாநாடு கூட்டிவிட்டன.

அதே நேரத்தில் என் அக்காள் மகன் போனில் ஒரு வண்ணப் படம் அனுப்பினான். உலகம் முழுக்க எத்தனை பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியை முடிக்கிறார்கள் என்று காட்டும் கோடு. அரண்மனைப் படிக்கட்டு மாதிரி மேலே ஏறுகிறது. "மாமா, நீங்க ஆபீஸ்ல பாத்த வேலதானே இது?" என்று கேட்டிருந்தான். ஆமாம், நான் பார்த்த வேலைதான். கருவாட்டு வாடைக்கு வராத குமட்டல் அந்தப் படத்துக்கு வந்தது.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று முதன்முதலில் நான் உனக்கு விளக்கிய நாள் நினைவிருக்கிறதா? கட்டுமாவடிப் பக்கத்துக் கடற்கரையில் நீ தலைமை ஆசிரியர். நானோ படிவங்களை வாங்கி மேலே அனுப்பும் கிளார்க்கு. எனக்கு நானே சூட்டிக்கொண்ட பட்டம் புள்ளிவிவரச் சக்கரவர்த்தி. நீ படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"டேய், முடிச்சவங்கன்னு ஒரு கட்டமே காணமேடா? அஞ்சாவதுல புதுசாச் சேந்தவங்கன்னுதானே கேக்குறான்?"

"அதத்தான் அஞ்சாவது படிக்கிற வயசுல உள்ள மொத்தப் புள்ளைக தொகையால வகுக்குறாக. கடைசி வகுப்புல கால வச்சாப் போதும், முடிச்ச கணக்குத்தான். வயசு கூடுன புள்ளைகளும் சேந்துட்டா நூத்தையே தாண்டும், தெரியுமா? பொறக்காத புள்ளையையும் படிக்க வச்ச பெரும நமக்கு!"

"அப்ப, கல்யாண மண்டபத்து வாசல்ல செருப்பக் கழட்டுனவன்லாம் சாப்புட்டு ஏப்பம் விட்டவனா?"

அந்தச் சமயம் மண்டபமே இடியச் சிரித்தவன் நான். நீ சிரிக்கவில்லை.

உன் கணக்கு வேறு. ஐந்தாம் வகுப்பின் கடைசி வாரத்தில், உன் வீட்டு விலாசம் எழுதிய தபால் அட்டையைப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுப்பாய். யார் துணையும் இல்லாமல் எதையாவது எழுதி, தன் கையாலேயே தபால் பெட்டியில் போட வேண்டும். அட்டை உன் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே 'முடித்தது' என்று எழுதுவாய். "சார், எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு செத்துப்போச்சு. நீங்க நல்லா இருக்கீங்களா" என்று ஓர் அட்டை. இதைவிடப் பெரிய பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகம் வைத்தது?

ஒரு வருடம் மாரிக்கண்ணு என்கிற பிள்ளைக்கு அட்டை கொடுக்கவே முடியவில்லை. அவள் அப்பாவின் படகு உடைந்துபோக, பொங்கல் கழிந்ததும் தாயும் மகளும் கேரளப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். ஐந்தாவதில் அரை வருடம் இருந்தவள். நீ படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினாய்: 'இந்தப் பிள்ளை போய்விட்டது. தேடவும்.'

ஓரத்தில் எழுதக் கூடாது என்பது எங்கள் சாம்ராஜ்யத்தின் சட்டம். நான் புதுப் படிவம் எடுத்தேன். முத்து முத்தான என் கையெழுத்தில் எண்களை மட்டும் பார்த்து எழுதினேன். உன் குறிப்பு குப்பைக் கூடைக்குப் போனது. மாரிக்கண்ணு முடித்தவர்களோடு முடித்தவளாக உலகக் கணக்கில் போய்ச் சேர்ந்தாள். அவளைத் தேடி ஒருவரும் போகவில்லை.

பல வருடம் கழித்து நீயே அவளை என் மேசைக்கு அழைத்து வந்தாய். இடுப்பில் ஒரு குழந்தை. சத்துணவுக் கூடத்தில் உதவியாள் வேலைக்கு மனு போட்டிருந்தாள். ஐந்தாவது முடித்ததற்குச் சான்று கேட்டிருந்தார்கள். நான் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, என் வழக்கமான ராஜதோரணையில் சொன்னேன்.

"ஒலகக் கணக்குல நீ அஞ்சாவது முடிச்சவ தாயி. நம்ம ஆபீஸ் கணக்குல பாதியில நின்னவ. சர்ட்டிபிகேட் குடுக்க முடியாதே."

"அப்ப அந்த ஒலகத்துக்கிட்டயே ஒண்ணு வாங்கிக் குடுங்க சார்" என்றாள்.

நான் அதற்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக நீ ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "ஒன் கையெழுத்து ரொம்ப அழகுடா. பாத்தா வாந்தி வருது." எனக்கு இப்போதுதான் வருகிறது வாத்தியாரே. உன்னைவிடப் படுமந்தமான வயிறு.

உன் வீட்டம்மா தந்த கட்டின் அடியில் எழுதாத அட்டை ஒன்று இருந்தது. உன் கையால் எழுதிய உன் விலாசம். மூலையில் பென்சிலால் 'மாரிக்கண்ணு'. மறுநாளே அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்டுமாவடிக்குப் பஸ் ஏறினேன். மீன் இறங்கும் இடத்தில் நண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள், வாங்க என்று சொல்லவில்லை. உன் விலாசத்தை அடித்துவிட்டு என் விலாசத்தை எழுதி நீட்டினேன்.

"இத எழுதிப் போட்டா அந்த வேல கெடைக்குமா சார்?"

"கெடைக்காது தாயி."

"பெறகு எதுக்கு?"

"வாத்தியாரு நோட்டுல ஒன் பேருக்கு நேர காலியா கெடக்கு."

கையில் இருந்த நண்டைக் கூடையில் போட்டாள். "அவரு இருந்தப்பக் கொண்டாந்திருக்கலாம்ல?" என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இன்று தபால்காரர் வந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்; அவள் அட்டை இல்லை. உன் நோட்டு என் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. காலிக் கட்டத்தைக் கண்டால் கை துறுதுறுத்து, ஆயுள் முழுக்க நிரப்பித் தள்ளியவன் நான். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் பேனா மூடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.