வருத்தக் கடிதம் எண் நான்கு

மார்ச் 3
அண்ணன் பெண்ணுக்கு எங்கள் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவதாக வாய் விட்டுவிட்டேன். மூன்று மாதப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரியில் பட்டம் கிடையாது. ஆட்குறைப்பு என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. "எங்க கம்பெனி அப்படியெல்லாம் இல்லை அண்ணி" என்று பீற்றிக்கொண்டேன். சலவை இயந்திரம் துணியைக் கிழித்தால் வாடிக்கையாளருக்கு வருத்தம் தெரிவிப்பது என் வேலை. எங்கள் இயந்திரத்தின் லட்சணத்துக்கு என் வேலையை யாராலும் அசைக்க முடியாது.

மார்ச் 9
மேலாளர் சம்மதித்துவிட்டார். (அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ்கட்டி.) அண்ணி இரண்டு முறை போனில் நன்றி சொன்னார். மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறேன்.

மார்ச் 16
ஆட்குறைப்பு. எங்கள் பிரிவு மொத்தமும்.
கடிதத்தைப் படித்தால் எங்கேயோ பார்த்த நடை. எங்கேயோ என்ன, நான் எழுதியதேதான்! வருத்தக் கடிதம் எண் நான்கு. கிழிந்த துணிக்குப் பணம் தர மனமில்லாதபோது அனுப்புவது. "இதுவரை எங்களோடு இருந்தமைக்கு நன்றி. தற்போதைய சூழலில் எங்கள் இயலாமைக்கு மிகவும் வருந்துகிறோம்." ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை, சோம்பேறிகள்.
அழக்கூட முடியலை. நல்லாத்தான் எழுதித் தொலைச்சிருக்கேன்.

மார்ச் 17
அண்ணியிடம் எந்த முகத்தோடு சொல்வது? போனை அணைத்துவிட்டேன்.

மார்ச் 20
அண்ணி நேரிலேயே வந்துவிட்டார். "திங்கட்கிழமை பொண்ணை வரச் சொல்லியிருக்காங்களே, உனக்குத் தெரியாதா?"
சம்பளம் வாங்குகிறவர்களைத்தான் தூக்கினார்களாம். அவளுக்குச் சம்பளமே இல்லையே, தூக்கி என்ன மிச்சம்?

மார்ச் 23
அண்ணன் பெண் ஆபீஸ் கழிவறையிலிருந்து போனில் கிசுகிசுக்கிறாள்: "அத்தை, நீங்க எங்க உக்காருவீங்க?"
"ஜன்னல் ஓரம்."
"என்னையும் அங்கதான் உக்கார வச்சிருக்காங்க. ரூம்ல வேற ஒரு ஆளில்லை. நான் யார்கிட்ட கத்துக்கறது?"
"என்கிட்டதான். நாற்காலி இடது பக்கம் சாயும், பாத்து."

ஏப்ரல் 11
போனிலேயே பாதிப் புகார்களுக்கு நான்தான் அவளுக்குப் பதில் சொல்லித் தருகிறேன். வேலையில் இருந்தபோது இவ்வளவு உழைத்ததாக நினைவில்லை. "பழைய அம்மாவைவிட நல்லா எழுதறியேம்மா" என்றாராம் அவளிடம் ஐஸ்கட்டி. வயிறு எரிகிறது. பெருமையாகவும் இருக்கிறது. இதற்கு என்ன மருந்து?

மே 30
இப்போதெல்லாம் அவள் போன் செய்வதில்லை. தானே எழுதுகிறாளாம். நான் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். என் வயதைப் பார்த்து வருந்தினார்கள்.

ஜூன் 22
சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. கூடவே ஐஸ்கட்டியின் கருணையும்: இன்னும் மூன்று மாதம் பயிற்சியைத் தொடரலாம், சம்பளம் மட்டும் கேட்கக் கூடாது.
"நீ என்னடி சொன்னே?"
"நாலாம் நம்பர் கடிதத்தை அனுப்பிட்டேன் அத்தை. 'மிகவும் வருந்துகிறோம்' மட்டும் எடுத்துட்டேன்."
"அதுதானேடி கடிதமே!"
"எனக்குத்தான் வருத்தமே இல்லையே."